பதினேழாம் கட்டிலின் பழத்தோல்கள்

அந்த மருத்துவமனையில் எது கிடைக்காவிட்டாலும் வாழைப்பழம் கிடைக்கும். காய்ச்சல் மாத்திரையை வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். ஊசிக்கு வரிசையில் நிற்க வைப்பார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். வாழைப்பழம் மட்டும் தினமும் காலை பதினொரு மணிக்கு, ஒரு சக்கரம் கோணலாகச் சுற்றுகிற தள்ளுவண்டியில், கிரீச் கிரீச் என்று வார்டுக்குள் வந்துவிடும். வார்டு வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். வாழைப்பழத்தின் இருபத்தொரு நன்மைகள் அதில் இருந்தன. மலச்சிக்கல் தீரும், ரத்த அழுத்தம் குறையும், தசைப்பிடிப்பு விடும், நல்ல தூக்கம் வரும், மனம் லேசாகும் என்று போய்க்கொண்டே இருந்தது பட்டியல். இருபத்தோராவது நன்மையாக 'இன்னும் பல' என்று போட்டிருந்தது.

எடைமேடைக்காரர் அந்தப் பலகையை முதல் நாளே இரண்டு தடவை படித்துவிட்டார். படிப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை மேடையில் ஏற்றி, எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே மேடை, அதே ஸ்டூல். இப்போது விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினேழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லிவைத்தாற்போல வேலையை விட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். ஒருமுறை படுத்து எழுந்தால் மூன்று நாலு நாள் தாங்கும். பிறகு மறுபடியும் படுத்தாக வேண்டும்.

சிறுநீரக டாக்டர் அன்று காலை வந்து எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த மனிதர். பேசும்போது பாதி வாக்கியத்தில் கண்ணை மூடிக்கொள்வார்.

"உப்பு கம்மியா. தண்ணி அளந்துதான். வாழைப்பழம் மட்டும் கிட்டவே வரக்கூடாது. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. நமக்கெல்லாம் நல்லதுதான், சிறுநீரகம் வெளியே தள்ளிடும். இவங்களுக்குத் தள்ளாது. ஏறிச்சுன்னா இதயம் நின்னுடும்."

"ஒண்ணே ஒண்ணு கூடவா?" என்று மனைவி கேட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாழைப்பழம் என்றால் கொள்ளை ஆசை.

"பாதி கூட வேண்டாம்மா."

டாக்டர் எந்தக் கதவு வழியாகப் போனாரோ அதே கதவு வழியாக வண்டி உள்ளே வந்தது. தள்ளுவண்டிக்காரர் ஒரு பழத்தை எடுத்து, அதன் தோலில் வயலட் மையால் 17 என்று முத்திரை குத்தி, மனைவியின் தலையணை மேல் வைத்தார்.

"இவங்களுக்குப் பழம் ஆகாதுங்க. டாக்டர் இப்பத்தான் சொல்லிட்டுப் போனாரு," என்றார் எடைமேடைக்காரர்.

"சாப்பிடறதும் சாப்பிடாததும் உங்க பாடு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத் தோல் வரணும். நம்பர் அழியாம இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் பதினெட்டாம் கட்டிலுக்குப் போனார்.

தோல் எதற்கு என்று கேட்டபோது வார்டு சிஸ்டர்தான் விவரம் சொன்னாள். நோயாளிகளுக்குப் பழம் கொடுத்தால் அவர்கள் சாப்பிட்டார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்களாம். அதிலிருந்து முத்திரை வந்தது. முத்திரையைச் சரிபார்க்க ஒரு கவுண்டர் வந்தது. கவுண்டரில் தராசு வந்தது. வந்த தோல்களைத் தணிக்கைக்காக மூன்று மாதம் சாக்கில் கட்டி வைக்க ஓர் அறை தேவைப்பட்டது. பிரசவ வார்டில் ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சிஸ்டர் இதைச் சொல்லிக்கொண்டே நாற்பது பேருடைய காய்ச்சலையும் ஒரே தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டு போனாள்.

எடைமேடைக்காரர் நேர்மையான மனிதர். மறுநாள் காலை முழுப் பழத்தையும் அப்படியே கவுண்டரில் கொண்டுபோய் வைத்தார். கவுண்டரில் இருந்த பெண் அதைத் தொடவில்லை.

"உள்ளே பழம் இருக்குங்க."

"ஆமா. சாப்பிடலை. அதான் திருப்பிக் குடுக்கறேன்."

"பழத்தோட தோல் வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க. தோல் மட்டும்தான்."

அன்று செவ்வாய்க்கிழமை. மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து மெஷின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே இருந்த டெக்னீஷியன் டாக்டர் எழுதிய சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ஊட்டச்சத்துப் பிரிவின் முத்திரை இல்லாமல் மெஷினைப் போடக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. தனக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று அவன் வருத்தத்தோடு சொன்னான்.

ஊட்டச்சத்து அலுவலரின் அறையில் மட்டும் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றியது. மேஜைமேல் கண்ணாடிச் சீசாக்களில் முன்மாதிரித் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. அலுவலர் சாந்தமானவர். எதையும் மறுத்துப் பேச மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருப்பதாகச் சொல்வார்.

"விலக்கு தாராளமாக் குடுக்கலாம் சார். பழம் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவங்களுக்கு உண்டு. பாதிப்புச் சான்றிதழ் இணைக்கணும்."

"சாப்பிட்டா இதயமே நின்னுடும்ங்கறாரு டாக்டர்."

"நின்னுட்டா அதுக்கு வேற படிவம். அதுல நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும், நோயாளி வரத் தேவையில்லை."

எடைமேடைக்காரர் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று தேடினார். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"சார், பன்னெண்டு மணிக்கு மேல வந்தா மெஷின்ல படுக்க வைக்க மாட்டாங்க. நான் இப்ப என்ன செய்யறது?"

"தோல் குடுங்க, முத்திரை போடறேன். இதுல என்ன சிரமம்? நாங்க யாரையும் கஷ்டப்படுத்தறதுக்கு உட்கார்ந்திருக்கலை. தோல் வந்தா சாப்பிட்டதா அர்த்தம். சாப்பிட்டா சத்து ஏறினதா அர்த்தம். சத்து ஏறினா உடம்பு தேறினதா அர்த்தம். நாங்க தோலைப் பாத்தாப் போதும், நோயாளியைப் பாக்கணும்னு அவசியமே இல்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு வேலை மிச்சம் பாருங்க."

எடைமேடைக்காரர் வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, அந்தப் பழத்தை நாலே வாயில் விழுங்கினார். தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கவுண்டர் பெண் தராசில் போட்டாள். நாற்பத்தொரு கிராம் காட்டியது. 'நோயாளி உண்டார்' என்ற கட்டத்துக்கு எதிரே அவர் கையெழுத்துப் போட்டார். சீட்டில் முத்திரை விழுந்தது, மனைவிக்கு மெஷின் கிடைத்தது. அவர் மேடையில் ஏறாத லாரி இல்லை. மணல் என்று சீட்டில் இருக்கும், உள்ளே ஜல்லி இருக்கும். எடைமேடைக்கு எடை தெரியுமே தவிர, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது. அதை நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வரவேண்டும். களைப்புத்தான் வந்தது.

அன்றிலிருந்து பழம் அவர் பொறுப்பாயிற்று. முதல் வாரம் தினம் ஒன்று. தோல் ஒழுங்காக வருவதைப் பார்த்து, பதினேழாம் கட்டிலுக்கு ஊக்கப் பழம் என்று இன்னொன்று சேர்த்தார்கள். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. நாலாவது வாரம் சிறப்பு ஊக்கப் பழம் சேர்ந்து மூன்றாயிற்று. ஆரம்பத்தில் அவர் மனைவிக்குத் தெரியாமல் மாடிப்படிக்குப் போய்த் தின்றுவிட்டு வந்தார். நாலாம் நாள் அவள் கூப்பிட்டாள்.

"எங்கே போய் ஒளிஞ்சுக்கறீங்க? இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்க. வாசனையாவது வரட்டும்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உரித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாப் பழுத்திருக்கா?"

"சுமார்தான். சப்புனு இருக்கு," என்று பொய் சொன்னார்.

நியாயமாகப் பேசினால் பழத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பலகையில் எழுதியிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவர் உடம்பில் நடந்தது. பத்து வருஷமாக அவரைப் பாடாய்ப்படுத்திய மலச்சிக்கல் சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து கெண்டைக்காலில் வருகிற பிடிப்பு விட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல ஆயிற்று. மனைவி ஊதியும் வற்றியும் வெளுத்துப் படுத்திருக்க, பக்கத்தில் இப்படிக் கொழுகொழுவென்று உட்கார்ந்திருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. மனம் லேசாகும் என்ற நன்மை மட்டும் அவரிடம் பலிக்கவில்லை.

நாலு வாரம் முடிந்த திங்கட்கிழமை காலை, ஊட்டச்சத்து அலுவலர் கையில் பூங்கொத்தோடு வார்டுக்கு வந்தார். பின்னால் ஒரு புகைப்படக்காரர் வந்தார். நோயாளிகள் யாருக்கும் அவரைத் தெரியாததால், யாரோ யாருக்கோ துக்கம் விசாரிக்க வந்திருப்பதாக நினைத்தார்கள்.

"பதினேழு யாரு?" என்று கேட்டு, கட்டிலருகே வந்து நின்றார். "இருபத்தெட்டு நாள்ல ஐம்பத்தாறு பழம். ஒரு தோல்கூடக் குறையலை. ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவு தெரியுமா? நார்மல். கண்காணிப்பாளர் ஐயா பாத்துட்டு அசந்துட்டாரு. சிறுநீரகம் வேலை செய்யாத ஒருத்தர் இத்தனை பழம் சாப்பிட்டு நார்மலா இருக்க முடியுமா? முடியாது. அப்போ என்ன அர்த்தம்? சிறுநீரகம் வேலை செய்யுது."

"அவ பழம் சாப்பிடலைங்க. மெஷின்ல படுத்ததால நார்மலா இருக்கு," என்றார் எடைமேடைக்காரர்.

"அடக்கமா பேசறீங்க," என்றார் அலுவலர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மெஷின் பட்டியலில் பதினேழு இல்லை. குணமானவர்களுக்கு மெஷின் கிடையாதாம். வேறு ஊர் மருத்துவமனையில் பேரைப் பதிந்து வைத்தால் நாலு மாதம் கழித்து இடம் கிடைக்குமாம். எடைமேடைக்காரர் டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடினார். டாக்டர் ஒரு ஸ்ட்ரெச்சரின் விளிம்பில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். நீங்கதான் சாப்பிடறீங்கன்னு வார்டுக்கே தெரியும். உங்க கன்னத்தைப் பாத்தாலே தெரியும்," என்றார். "ஆனா மெஷினுக்கு நான் எழுதினா, ஐம்பத்தாறு பழம் சாப்பிட்டு நார்மலா இருக்கறவங்களுக்கு எதுக்கு மெஷின்னு கேட்டுத் திருப்பி அனுப்பறாங்க. மூணு தடவை எழுதிட்டேன். அவங்க ரெக்கார்டை மாத்தச் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் படுக்க வைக்கிறேன்."

மறுபடியும் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிற அறைக்குப் போனார். பழம் முழுவதையும் தின்றது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அலுவலர் அதை நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

"அப்படின்னா இருபத்தெட்டு நாளும் பொய்யாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்க் கையெழுத்துப் போடறவர் எழுதிக் குடுக்கற கடுதாசியை நான் எப்படி சார் நம்பறது?"

"போடலேன்னா மெஷின் இல்லைன்னு சொன்னது நீங்கதானே சார்?"

"ஆமா. அதனாலதான் எல்லாரும் போடறாங்க. எல்லாரும் போடற கையெழுத்து எப்படி சார் பொய்யாகும்?"

எடைமேடைக்காரருக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லை. மூன்று பழம் தின்ற உடம்பில் தெம்பு இல்லாமல் எங்கே போகும், மனசில்தான் இல்லை.

வெள்ளிக்கிழமையும் மெஷின் கிடைக்கவில்லை. மனைவியின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, மேடேற வெகுநேரம் ஆயிற்று. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே இருந்தாள். அவர் அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளை இழந்துவிடப் போகிறோம் என்று அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தார்.

"நாளைக்கு விழாவாம். என்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அதெல்லாம் வேண்டாம். நான் முடியாதுன்னு சொல்லிட்டு வரேன்."

"வேண்டாங்க. போகலாம். மைக் குடுப்பாங்கல்ல?"

சனிக்கிழமை காலை மருத்துவமனையின் பெரிய கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளிநோயாளிகள் வழக்கமாகக் காத்திருக்கும் இடம் அதுதான் என்பதால், அவர்களை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். கண்காணிப்பாளர் பேச எழுந்தார். பெரிய உருவம், இனிமையான குரல்.

"இந்த மருத்துவமனையில மருந்து இல்லைன்னு வெளியே பேசறாங்க. நான் ஒத்துக்கறேன், இல்லை. ஆனா நான் திருப்பிக் கேக்கறேன், மருந்து சாப்பிட்டதுக்கு அவங்ககிட்ட அத்தாட்சி உண்டா? மாத்திரையை முழுங்கினா ஒண்ணும் மிஞ்சறதில்லை. பழத்துக்குத் தோல் மிஞ்சுது. நம்மகிட்ட இன்னைக்கு ரெண்டு லட்சம் தோல் இருக்கு. டாக்டர்கள் வந்து, நாலு டயாலிசிஸ் மெஷின்ல ரெண்டு ஓடலை, ரிப்பேர் பண்ணுங்கன்னாங்க. நான் சொன்னேன், பொறுங்க, மெஷின் தேவைப்படறவங்களைக் குறைச்சுக் காட்டறேன்னேன். இதோ, குறைச்சுட்டேன். இந்தத் திட்டம் ஆரம்பிச்சதிலிருந்து பதிவேட்டுல ஒரு நோயாளிகூடச் சத்துக் குறைவால சாகலை. செத்தவங்க எல்லாரும் நல்ல சத்தோடதான் செத்திருக்காங்க."

கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. எடைமேடைக்காரர் சக்கர நாற்காலியைச் சரிவுப்பலகை வழியாக மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கண்காணிப்பாளர் ஒரு பழத்தைத் தாமே உரித்து மனைவியின் கையில் கொடுத்தார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"ஒரு கடி கடிங்கம்மா. இப்படிப் பாத்து."

மனைவி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அதன்மேல் உள்ள ஆசை எடைமேடைக்காரருக்குத் தெரியும். அவள் இன்னொரு கையை மைக்குக்கு நீட்டினாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச பழம்தான்," என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "ஆனா இங்கே வந்ததிலிருந்து நான் ஒண்ணுகூடச் சாப்பிடலை. எல்லாம் இவருதான் சாப்பிட்டாரு. என்னைப் பாருங்க. இவரைப் பாருங்க. பாத்தாலே தெரியலையா?"

கூடமே எடைமேடைக்காரரைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அலுவலர் கண்காணிப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். கண்காணிப்பாளர் கொஞ்சமும் பதறவில்லை. இருபது வருஷம் நிர்வாகத்தில் இருந்தவர்.

"ரெக்கார்டு என்ன சொல்லுது? பதினேழாம் கட்டில் நோயாளி ஐம்பத்தாறு பழம் சாப்பிட்டுக் குணமானார்னு சொல்லுது. ஐம்பத்தாறு பழம் சாப்பிட்டது யாரு? இவரு. நல்லா இருக்கறது யாரு? இவரு. அப்போ ரெக்கார்டு தப்பில்லை. ஆளைத்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டோம். பதினேழாம் கட்டில் நோயாளி இவருதான்."

அதற்கும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சிறுநீரக டாக்டர் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டார். என்ன நடக்கிறது என்று புரிய அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சட்டென்று எழுந்து நின்றார்.

"சார், அப்போ இந்தம்மா யாரு?"

"அவங்க... கூட உதவிக்கு வந்தவங்க."

"உதவிக்கு வந்தவங்களுக்குக் கால் வீங்கியிருக்கு, மூச்சு முட்டுது. புது நோயாளியா, அவசரத்துல சேர்த்துக்கட்டுமா? புது நோயாளிக்கு முதல் மெஷினுக்கு முத்திரை கேக்கக் கூடாதுன்னு உங்க சுற்றறிக்கையிலேயே இருக்கு."

"தாராளமாச் சேருங்க. அதுக்குத்தானே இருக்கோம்," என்றார் கண்காணிப்பாளர், சபையைப் பார்த்துக் கையை விரித்து.

டாக்டர் அங்கேயே முழங்காலில் வைத்துச் சீட்டு எழுதினார். டெக்னீஷியன் பின்வரிசையிலிருந்து ஓடிவந்து சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நாற்காலி கூடத்தை விட்டு வெளியே போவதை எடைமேடைக்காரர் மேடையிலிருந்து பார்த்தார். கூடவே போக ஓரடி வைத்தார். ஊட்டச்சத்து அலுவலர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். குணமான நோயாளியை முறைப்படி வழியனுப்ப வேண்டியிருந்தது. மாலை போட்டார்கள், சிறுநீரக நோயிலிருந்து பூரண குணமடைந்ததாகச் சான்றிதழ் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள்.

"நான் மெஷின் அறைக்குப் போகணும்ங்க. அவ தனியா இருப்பா," என்றார்.

"நீங்க உள்ளே போகக்கூடாதே சார். குணமானவங்க தொண்ணூறு நாளைக்கு வார்டுக்குள்ள வரக்கூடாது. மறுபடியும் தொத்திக்கும்," என்றார் அலுவலர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். "உடம்பைப் பாத்துக்குங்க."

அவர் கேட்டுக்கு வெளியே வந்து சாலையோரம் நின்றார். இரண்டாவது மாடியில் கடைசி ஜன்னல் மெஷின் அறையுடையது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. பகல் முழுக்க அங்கேயே நின்றார். நாலரை மணிக்கு போன் வந்தது. சிஸ்டருடைய நம்பர். பேசியது மனைவி.

"முடிஞ்சுதுங்க. மூச்சு விட முடியுது. இப்ப படுத்துக்கிட்டுத்தான் பேசறேன்."

"கால்?"

"செருப்புப் போடலாம்போல இருக்கு. நீங்க எங்கே இருக்கீங்க?"

"இங்கேதான், வெளியே. தொண்ணூறு நாள் விட மாட்டாங்களாம்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளையிலிருந்து தோலுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"சிஸ்டர் சாப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமே கிடைக்கறதில்லையாம். நீங்க வீட்டுக்குப் போங்க. நின்னுக்கிட்டே இருக்காதீங்க."

சரி என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் பிழைத்துக்கொண்டாள் என்ற சந்தோஷமும், அவள் பக்கத்தில் உட்காரக் கொடுத்து வைக்கவில்லை என்ற துக்கமும் சேர்ந்து வந்து அவரை உலுக்கின. மாலையைக் கழற்றக்கூட மறந்திருந்தார். கேட் காவலர் வெகுநேரமாக அவரைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு அருகே வந்தார்.

"என்னங்க, காலையிலேருந்து நிக்கறீங்க? உடம்புக்கு என்ன?"

"குணமாயிடுச்சு."

"அப்புறம் என்ன, வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"போகணும்," என்றார். ஜன்னலில் விளக்குப் போட்டார்கள். அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து இரண்டடி நகர்ந்து நின்றார்.